வாக்கு ஓரிடம், வழக்கு ஓரிடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய் நகரத்து இந்து வணிகர் ஒருவர் 1,000 ரூபாய் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். கடன் பல ஆண்டுகள் தீராமல் நின்று, வட்டிப் பாக்கி மட்டும் 1,400 ரூபாயாக வளர்ந்துவிட்டது. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுக்கிறார். நீதிமன்றம் அவருக்கு முதல் 1,000 ரூபாயும் வட்டி 1,000 ரூபாயும் தரும். அதற்குமேல் ஒரு காசும் தராது. எந்தச் சமயத்திலும் வட்டிப் பாக்கி முதலை விஞ்சலாகாது என்பது இந்து தர்ம சாஸ்திரம் வகுத்த விதி. தாம்துபட் என்று அதற்குப் பெயர். பம்பாய் இராஜதானியிலும் கல்கத்தா நகரத்திலும் அது நீதிமன்றங்களால் ஏற்கப்பட்டிருந்தது.

இதே கடன் சென்னை இராஜதானியில் ஏற்பட்டிருந்தால் என்ன ஆகும்? அங்கே தாம்துபட் விதி செல்லவில்லை. கடன்பட்டவரும் இந்து, கடன் கொடுத்தவரும் இந்து, சாஸ்திரமும் ஒன்றே. ஆயினும் பம்பாயில் கிடைத்த பாதுகாப்பு சென்னையில் கிடைக்கவில்லை. இன்னும் ஒரு வியப்பு உண்டு. பம்பாயிலேயே கடன்பட்டவர் முஸ்லிமாக இருந்தால் இந்த விதியின் பயன் அவருக்கு இல்லை. கடன்பட்டவர் இந்துவாக இருந்தால், கடன் கொடுத்தவர் முஸ்லிமாக இருப்பினும், விதி அவரைக் காத்தது.

ஓர் உடன்படிக்கையை ஆளுவது எந்தச் சட்டம்? சொல் கொடுத்த ஊரின் சட்டமா, அந்தச் சொல்லை நிறைவேற்ற வேண்டிய ஊரின் சட்டமா, வழக்காடும் ஊரின் சட்டமா, அல்லது வழக்காடுபவரின் குலத்துக்கும் சமயத்துக்கும் உரிய சட்டமா? பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் தொழில் செய்து வாழும் நமக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. நம் நாட்டில் இக்கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை இங்கே சற்று ஆராய்வோம்.

முதலில் கிடைத்த விடை மனிதரைப் பொறுத்தது. 1774 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சுப்ரீம் கோர்ட் நிறுவப்பட்டது. அதன் நீதிபதிகள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் அறிந்தது ஆங்கிலச் சட்டம். அந்தச் சட்டத்தைக் கண்டும் கேட்டும் அறியாத மக்கள்மீது அது பாய்ந்தது. மக்கள் கலங்கினர்; கம்பெனியின் ஆட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் பெரும் பூசல் மூண்டது. அதைத் தீர்க்க 1781 இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, வாரிசு உரிமையில் மட்டுமன்றி ஒப்பந்தங்களிலும், முஸ்லிம்களுக்கிடையே முஸ்லிம் சட்டமும் வழக்கமும், இந்துக்களுக்கிடையே இந்துச் சட்டமும் வழக்கமும் செல்லும். இரு தரப்பாரில் ஒருவர் மட்டும் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருந்தால், பிரதிவாதியின் சட்டமே செல்லும். 1797 இல் இந்த ஏற்பாடு சென்னைக்கும் பம்பாய்க்கும் விரிவுபடுத்தப்பட்டது.

பிரதிவாதியின் சட்டம் என்பது கருணையுள்ள ஏற்பாடாகவே தோன்றும். வழக்குக்கு இழுக்கப்பட்டவனை அவன் அறிந்த சட்டத்தால் நீதி விசாரிப்பது முறைதானே. ஆனால் வாணிபத்துக்கு இது ஒத்துவரவில்லை. ஓர் இந்துவும் ஓர் ஐரோப்பியரும் சரக்கு ஒப்பந்தம் ஒன்று செய்துகொள்கிறார்கள். ஐரோப்பியர் வழக்குத் தொடுத்தால் இந்துச் சட்டம். இந்து வழக்குத் தொடுத்தால் ஆங்கிலச் சட்டம். ஒப்பந்தம் ஒன்றே. கையெழுத்திட்ட நாளில் அதன் சட்டம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. இருவரில் யார் முதலில் நீதிமன்றப் படி ஏறுகிறார் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த மூன்று நகரங்களுக்கு வெளியே, மாவட்டங்களிலோ, நீதி, நேர்மை, நல்ல மனச்சாட்சி என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு நீதிபதிகள் தமக்குத் தோன்றியபடி தீர்ப்பளித்து வந்தனர்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு தேடியே இந்திய ஒப்பந்தச் சட்டம் பிறந்தது. லண்டனில் அமர்ந்திருந்த சட்டக் கமிஷன் 1866 இல் அதன் முதல் வரைவைத் தயாரித்தது. இங்கே பல மாறுதல்களைப் பெற்று, 1872 ஏப்ரல் 25 இல் சட்டமாகி, அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமுலுக்கு வந்தது. வணிகத்தில் நிலவிய வழக்கங்களை அது தன் விதிகளுக்கு முரணாகாத அளவில் விட்டுவைத்தது. தாம்துபட் போன்ற விதிகளும் அவை நிலவிய இடங்களில் பிழைத்திருந்தன. ஆனால் அடிப்படை மாறிவிட்டது. உடன்படிக்கை செய்தவரின் சமயம் எது என்று புதிய சட்டம் கேட்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியா என்ற நிலப்பரப்பு முழுவதற்கும் அது பொதுச் சட்டமாயிற்று. மனிதரோடு நடந்து திரிந்த சட்டம் மண்ணில் கால் ஊன்றியது எனலாம். விடுதலைக்குப் பிறகும் நெடுங்காலம் ஜம்மு காஷ்மீர் மட்டும் இதற்கு வெளியே நின்றது. 2019 அக்டோபர் 31 முதல் அங்கும் இச்சட்டம் செல்லுகிறது.

மண்ணைச் சார்ந்த சட்டத்துக்கு எல்லை உண்டு. எல்லையைத் தாண்டும் ஒப்பந்தத்துக்கு என்ன வழி? இதைப் பற்றி 1872 ஆம் ஆண்டுச் சட்டம் வாய் திறக்கவில்லை. அக்காலத்தில் எல்லைகளுக்கோ குறைவில்லை. ஐதராபாத்தும் மைசூரும் திருவிதாங்கூரும் தனி சமஸ்தானங்கள். தமிழகத்தின் நடுவிலேயே புதுக்கோட்டை சமஸ்தானம் இருந்தது. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுச் சட்டம், கோவாவில் போர்ச்சுகீசியச் சட்டம். நம்மவர் பலர் வட்டிக்கடை வைத்திருந்த ரங்கூன், 1937 மார்ச் 31 வரை இந்தியாவின் பகுதி. ஏப்ரல் 1 முதல் வேறு நாடு. கடைக்காரர் ஓரடிகூட நகரவில்லை. எல்லைக்கோடுதான் அவரைத் தாண்டிப் போயிற்று.

எல்லை தாண்டும் கடனைப் பற்றி இந்தியச் சட்டமன்றம் வெளிப்படையாகப் பேசிய இடம் ஒன்று உண்டு. அது 1881 ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். அதன் 134 ஆம் பிரிவு ஓர் உதாரணம் தருகிறது. கலிபோர்னியாவில் ஒருவர் உண்டியல் எழுதுகிறார். அங்கே வட்டி நூற்றுக்கு 25. வாஷிங்டனில் பணம் தரும்படி மற்றொருவர் அதை ஏற்கிறார். அங்கே வட்டி நூற்றுக்கு 6. பணம் கொடுபடாமல் போய், வழக்கு இந்தியாவுக்கு வருகிறது. ஏற்றவர் நூற்றுக்கு 6 மட்டும் கொடுத்தால் போதும். எழுதியவரோ நூற்றுக்கு 25 கொடுக்க வேண்டும். ஒரே தாள், ஒரே தொகை, ஒரே நீதிமன்றம். ஆனால் இரண்டு சட்டங்கள். எழுதியவரின் பொறுப்பை அவர் எழுதிய இடமும், ஏற்றவரின் பொறுப்பைப் பணம் தரவேண்டிய இடமும் தீர்மானிக்கின்றன. ஒப்பந்தத்தில் வேறு வகையாகச் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். விசாரிக்கும் நீதிமன்றம் வேறு, அது கைக்கொள்ளும் சட்டம் வேறு என்னும் உண்மை இந்த உதாரணத்தில் தெளிவாக விளங்குகிறது.

மற்ற ஒப்பந்தங்களுக்கு நம் நீதிபதிகள் ஆங்கிலத் தீர்ப்புகளைத் துணைக்கொண்டனர். அங்கும் விடை ஒரே நாளில் முதிரவில்லை. 1760 இல் மான்ஸ்பீல்டு பிரபுவின் முன் ஒரு வழக்கு வந்தது. பாரிஸ் நகரில் சூதாட்டத்தில் பட்ட கடனுக்காக இங்கிலாந்தில் பணம் தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. எழுதிய இடம் பிரான்சாயினும் இரு தரப்பாரும் கண் வைத்திருந்தது இங்கிலாந்தின் சட்டத்தின்மீதே என்று மான்ஸ்பீல்டு கருதினார். ஒப்பந்தம் செய்த இடத்தின் சட்டமே எப்போதும் செல்லும் என்ற பழைய கோட்பாட்டில் அன்றே விரிசல் விழுந்தது.

தபாலும் தந்தியும் தொலைபேசியும் வந்த பிறகு, ஒப்பந்தம் எந்த இடத்தில் உண்டாயிற்று என்பதே புதிராயிற்று. நம் உச்ச நீதிமன்றம் 1965 இல் தீர்த்த ஒரு வழக்கைக் காண்போம். அகமதாபாத்திலிருந்து ஒரு நிறுவனத்தார் காம்காம் என்ற ஊரிலிருந்த வணிகரோடு தொலைபேசியில் பேசி, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குக்கு விலை பேசினர். சம்மதம் என்ற சொல் காம்காமில் சொல்லப்பட்டது, அகமதாபாத்தில் கேட்கப்பட்டது. ஒப்பந்தம் எங்கே பிறந்தது? கேட்ட இடமாகிய அகமதாபாத்தில் என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தனர். சொன்ன இடத்தில்தான் என்று நீதிபதி ஹிதாயத்துல்லா மாறுபட்டார். இரண்டு ஊரும் ஒரே நாட்டில் இருந்ததால், எந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது மட்டுமே அங்கே கேள்வி. அவை இரண்டு நாடுகளாக இருந்திருந்தால், கம்பியின் எந்த முனையில் யார் இருந்தார் என்ற தற்செயலை நம்பி ஒப்பந்தத்தின் முழு விதியையும் தீர்மானிப்பது பொருந்துமா?

பொருந்தாது என்பதால்தான் சட்ட அறிஞர்கள் வேறொரு வழி கண்டனர். அவ்வழி இரண்டு படிகளைக் கொண்டது. இன்ன நாட்டுச் சட்டம் எங்களை ஆளட்டும் என்று ஒப்பந்தக்காரர்களே நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். இது 1939 இல் பிரிவி கவுன்சில் அளித்த ஒரு கப்பல் சரக்கு வழக்கின் தீர்ப்பால் வலுப்பெற்றது. அவர்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், அந்தக் கொடுக்கல் வாங்கல் எந்தச் சட்டத்தோடு மிக நெருங்கிய, மிக உண்மையான தொடர்பு உடையதோ அதுவே அதன் உரிய சட்டம். இது 1950 இல் அதே கவுன்சில் ஓர் ஆஸ்திரேலிய வழக்கில் வகுத்தது.

இந்த அளவுகோல் நம் நாட்டில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது 1955 இல். அப்போது உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கின் வேர் மேற்குப் பஞ்சாபின் லாயல்பூரில் இருந்தது. இன்று அந்த ஊருக்குப் பெயர் பைசலாபாத். டில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட டில்லி துணி மற்றும் பொது ஆலை நிறுவனம் லாயல்பூரிலும் தொழில் நடத்திவந்தது. அந்த ஊர்த் துணி வணிகர்கள் சிலர் அந்நிறுவனத்திடம் துணி வாங்கி வியாபாரம் செய்தனர். அதற்காகப் பணமும் கட்டிவைத்திருந்தனர். 1947 இல் நாடு பிரிந்தது. வீட்டையும் கடையையும் விட்டு வணிகர்கள் இந்தியாவுக்கு ஓடிவந்தனர். நிறுவனத்தின் லாயல்பூர்க் கணக்கில் அவர்களுக்கு வரவேண்டிய நிலுவை நின்றது.

வெளியேறியவர்களின் சொத்துகள் அனைத்தும் அரசாங்கப் பாதுகாவலரைச் சேரும் என்று பாகிஸ்தானில் சட்டம் வந்தது. வரவேண்டிய கடனும் சொத்துதான். அந்த நிலுவையைத் தம்மிடம் கட்டும்படி பாதுகாவலர் கேட்க, நிறுவனம் கட்டிவிட்டது. வணிகர்களோ டில்லி நீதிமன்றத்தை நாடினர். அவர்களுடைய முறையீடு எளியது: நாங்கள் இந்தியக் குடிகள், நிறுவனமும் இந்திய நிறுவனம், தலைமை நிலையமும் இதே டில்லியில் இருக்கிறது, எங்கள் பணத்தை வேறொரு நாட்டு அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டு எங்களைக் கைவிரிப்பது எப்படி நியாயம்?

வழக்கு டில்லியில் நடந்தது. ஆனால் டில்லியின் சட்டம் அதை ஆளவில்லை. நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு, அந்த ஒப்பந்தத்தின் உரிய சட்டம் எது என்று முதலில் கேட்டது. லாயல்பூர் ஒருநாள் அயல்நாடாகும் என்று கையெழுத்திட்டபோது யாரும் கனவு கண்டதில்லை. ஆதலால் எண்ணத்தில் இல்லாத ஒன்றை எண்ணியதாகக் கற்பனை செய்து பயனில்லை. தொடர்புகளைத்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் உண்டானது லாயல்பூரில். சரக்கு கைமாறியது லாயல்பூரில். பணம் கட்டியதும் அதைத் திருப்பித் தரவேண்டியதும் லாயல்பூரில். எல்லா நூல்களும் அந்த ஊரில் வந்து முடிச்சிட்டன. ஆகவே அந்த மண்ணின் சட்டமே ஒப்பந்தத்தின் சட்டம். அதுவும், ஒப்பந்தம் செய்த நாளில் இருந்தபடி உறைந்துபோன சட்டமன்று. பின்னர் ஏற்பட்ட மாறுதல்களையும் சேர்த்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டப்படி பாதுகாவலரிடம் பணம் கட்டியதால் கடன் தீர்ந்துவிட்டது. வெளியேறியோர் சொத்தைப் பற்றி இந்தியாவும் அத்தகைய சட்டம் செய்திருக்கும்போது, அந்நாட்டுச் சட்டத்தை நம் பொதுநீதிக்கு ஒவ்வாதது என்று தள்ளவும் வழியில்லை. வணிகர்களின் கோரிக்கை தோற்றது.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது நம் நெஞ்சு வணிகர்களின் பக்கமே சாய்கிறது. ஊர் போயிற்று, கடை போயிற்று, எஞ்சிய நிலுவையும் போயிற்று. ஆனால் மறுபக்கத்தையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். நிறுவனம் ஒரு தடவை லாயல்பூரில் சட்டப்படி கட்டிவிட்டது. டில்லியில் மறுபடியும் கட்டச் சொன்னால் ஒரே கடனை இருமுறை தீர்த்ததாகும். கடன்பட்டவன் எந்த நாட்டுக்கு ஓடுகிறானோ, கடன் கொடுத்தவன் எந்த நாட்டுக்கு ஓடுகிறானோ அந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று வைத்தால், 1781 ஆம் ஆண்டின் பழைய குழப்பமே வேறு வேடத்தில் திரும்பி வரும். மனிதர் நகரலாம், அவர் கொடுத்த சொல் வேரூன்றிய இடத்திலிருந்து தானாக நகர்ந்துவிடாது. இது கடுமையான நீதி. ஆயினும் இருபுறமும் ஒரே மாதிரி வெட்டும் நீதி.

வேரூன்றும் இடத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை ஒப்பந்தக்காரர்களுக்கு உண்டு என்பதை 1992 இல் தீர்ந்த மற்றொரு வழக்கு காட்டுகிறது. தேசிய அனல் மின் நிறுவனம் 1982 இல் டில்லியில் சிங்கர் கம்பெனி என்ற வெளிநாட்டு நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தது. இந்தியாவில் வழங்கும் சட்டமே இதை ஆளும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. தகராறு வந்தபோது, சர்வதேச வர்த்தகச் சங்கத்தின் விதிகளின்படி நடுவர்கள் லண்டனில் கூடினர். நடுவர்கள் கூடிய இடத்தைக் காட்டி இங்கிலாந்தின் நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்று வாதிக்கப்பட்டது. நீதிபதி தொம்மன் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. நடுவர்கள் லண்டனில் கூடியது அவ்வழக்கில் ஒரு தற்செயல். ஒப்பந்தக்காரர்கள் வாய்விட்டுச் சொன்ன சட்டம் இந்தியச் சட்டம். ஆதலால் இந்திய நீதிமன்றம் அந்த நடுவர் தீர்ப்பை ஆராயலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று.

இதற்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டமும், அதற்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2012 இல் தந்த விளக்கமும், நடுவர் மன்றத்துக்கென்று தேர்ந்துகொண்ட இடத்துக்கு மிகுந்த முக்கியத்துவம் அளித்துவிட்டன. அயல்நாட்டை இடமாகக் குறித்துவிட்டால், அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்யும்படி இந்திய நீதிமன்றத்தைக் கேட்க முடியாது. ஆகவே இன்று வெளிநாட்டாரோடு ஒப்பந்தம் செய்பவர் எந்தச் சட்டம் என்றும், எந்த இடம் என்றும், எந்த நீதிமன்றம் என்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்றைச் சொன்னால் மற்றவையும் அடங்கிவிடும் என்று எண்ணுவது ஆபத்து.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் என்ன பயன் என்று கேட்கலாம். இந்தியா முழுவதற்கும் ஒப்பந்தச் சட்டம் ஒன்றாகிவிட்டதால் நம் கவலை பெரிதும் குறைந்துவிட்டது என்பது உண்மை. கோயம்புத்தூர் வணிகர் கான்பூர் வணிகருக்குக் கொடுக்கும் வாக்கை இரண்டு ஊரிலும் ஒரே சட்டம்தான் அளக்கும். ஆனால் எல்லாம் ஒன்றாகிவிடவில்லை. வீட்டு வாடகை, முத்திரைத்தாள், வட்டித்தொழில் ஆகியவற்றில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மும்பையில் குடியிருக்கும் வீட்டுக்கு 1999 ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் தமிழராக இருப்பதனால் அங்கே தமிழ்நாட்டுச் சட்டம் வந்துவிடாது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது; அதைப் பார்த்துப் பழகியவர், தாம் வாழும் மாநிலத்திலும் அதே பாதுகாப்பு இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. வட்டிக்கு வரம்பு எது என்பதை இன்றும் ஊரைக் கேட்டே அறிய வேண்டியிருக்கிறது.

நீதிமன்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சிட்ட ஒப்பந்தப் படிவங்களின் இறுதியில், இன்ன ஊர் நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். விசாரிக்கத் தகுதியுள்ள நீதிமன்றங்கள் இரண்டு மூன்று இருக்கும்போது அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வது செல்லும். தகுதியே இல்லாத ஊருக்கு அதிகாரத்தை ஒப்பந்தத்தால் உண்டாக்க முடியாது. 1971 இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆனால் செல்லத்தக்க அந்த ஒரு வரியே, நாசிக்கில் இருப்பவரைக் கல்கத்தாவுக்கு அலைய வைக்கப் போதுமானது.

லாயல்பூர் வணிகர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் கையெழுத்திட்ட நாளில் அந்தக் கேள்வியே பிறக்கவில்லை. நாட்டின் எல்லை அவர்களுடைய கடைத்தெருவுக்கும் டில்லிக்கும் இடையே வந்து விழும் என்று முன்கூட்டியே அறிந்தவர் இல்லை. நம் நிலை அவ்வாறன்று. நாம் எல்லைகளைத் தெரிந்தே தாண்டி வந்தவர்கள். வாடகைக்கு வீடு எடுக்கும்போதும், கூட்டு வியாபாரம் தொடங்கும்போதும், கடன் கொடுக்கும்போதும், வாங்கும்போதும், இதை எந்தச் சட்டம் ஆளும், எந்த ஊரில் வழக்காட வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு வாய்ப்பு இருக்கிறது. அவர்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.